பவர் ஐயரின் எபிரேயம்

பசுமலை, திருமங்கலம், மேலூர் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கும்போது காதில் விழுவது 1871இல் வெளிவந்த வேதாகமம்தான். அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன. 1950களில் லார்சனும் மோனகனும் உழைத்து முடித்த திருத்திய மொழிபெயர்ப்பு வந்தது, 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு வந்தது. பீடத்தில் விரித்து வைத்திருப்பது இன்னும் பழையதையே. ஊழியக்காரர்கள் அதைப் ‘பவர் மொழிபெயர்ப்பு’ என்பார்கள், இளைஞர்கள் ‘ஓ.வி.’ (ஓல்டு வெர்ஷன், பழைய மொழிபெயர்ப்பு) என்பார்கள்.

அந்தப் பெயரில் இருக்கிற ஹென்றி பவரைப் பற்றி இரண்டு தப்பான செய்திகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, அவர் கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளைத் தமிழாக்கினார் என்பது. இன்னொன்று, நாம் வாசிப்பது ஆறுமுக நாவலர் எழுதிக்கொடுத்த தமிழ் என்பது. நாவலர் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணை நின்றது உண்மை. அந்த உழைப்பு 1850இல் வேறொரு மொழிபெயர்ப்பாக அச்சேறியது. அது சபைகளில் நிலைக்கவில்லை. அதிலிருந்து பலவற்றைப் பவர் எடுத்துக்கொண்டார், அவ்வளவே. முதல் தவறுக்குப் பதில் கொஞ்சம் நீளம். வசனங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். பவர் கப்பலில் வந்து இறங்கித் தமிழ் படித்த மிஷனரி இல்லை. 1810களில் சென்னையில் பிறந்த யூரேசியர், அதாவது ஐரோப்பிய இந்தியக் கலப்பு வழியில் வந்தவர். தெருத் தமிழைக் கேட்டு வளர்ந்தவர். எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்தில் குருவாக இருந்தார். 1851இல் சாதியை எதிர்த்து அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை கல்கத்தாவில் அச்சானது. எபிரேயமும் கிரேக்கமும் தெரிந்த பாதிரிமார் அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். நன்னூலும் நச்சினார்க்கினியர் உரையும் கூடவே தெரிந்தவர் என்று தேடினால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். திருத்தத்துக்கு அவரைத் தலைமையாக வைத்ததன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் கையில் கொடுத்த வேலையும் புதிதாக மொழிபெயர்ப்பது அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னை வேப்பேரியில் இருந்து பெப்ரீசியஸ் செய்த மொழிபெயர்ப்பை அடித்தளமாக வைத்துக்கொள்ள வேண்டும். பாளையங்கோட்டை இரேனியஸ் செய்த திருத்தத்திலும் யாழ்ப்பாண மொழிபெயர்ப்பிலும் நல்லது எதுவோ அதைச் சேர்க்க வேண்டும். மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். எல்லா மிஷன்களும் ஏற்றுக்கொள்ளும்படி முடிக்க வேண்டும். பவர் ஒரு பகுதியைத் திருத்தி அனுப்புவார், குழுவினர் படித்துக் குறிப்பு எழுதித் திருப்புவார்கள், பிறகு கூடி உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். இடையன்குடி கால்டுவெல், பாளையங்கோட்டை சார்ஜன்ட் ஆகியோரோடு நம் பக்கத்திலிருந்து அமெரிக்க மதுரை மிஷனின் வில்லியம் ட்ரேசியும் குழுவில் இருந்தார். 1842இல் திருமங்கலத்தில் தொடங்கி 1845இல் பசுமலைக்கு இடம் மாறிய செமினரி அவர் நட்ட செடி. ஏறத்தாழப் பத்தாண்டு இப்படியே ஓடியது. ‘ஐக்கிய மொழிபெயர்ப்பு’ என்ற பெயர் இதனால்தான். இருந்தும் தரங்கம்பாடி வழி லுத்தரன் சபைகள் பெப்ரீசியஸை விடவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் அதையே வாசித்தார்கள்.

வீட்டில் பாட்டி காலத்துப் பழைய வேதாகமம் ஒன்று அட்டை கழன்று கிடந்தால், அது எந்த மொழிபெயர்ப்பு என்று கண்டுபிடிக்கத் தலைப்புப் பக்கம் தேவையில்லை. ஆதியாகமம் முதல் வசனத்தில் படைத்தவர் யார் என்று பாருங்கள். ‘பராபரன்’ என்றிருந்தால் பெப்ரீசியஸ் அல்லது இரேனியஸ் வழி. ‘தேவன்’ என்றால் யாழ்ப்பாணமாகவோ பவராகவோ இருக்கும். சபைப் புழக்கத்தில் இருந்த பிரதி என்றால் பெரும்பாலும் பவர். ‘கடவுள்’ என்றால் 1950களுக்குப் பிந்தியது. ‘சருவேசுரன்’ என்று கண்ணில் பட்டால் அது கத்தோலிக்க வழி, அல்லது பெப்ரீசியஸுக்கு முன் தரங்கம்பாடியில் மொழிபெயர்த்த சீகன்பால்க் காலத்துச் சரக்கு. அந்தச் சொல்லை 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி புழங்கியிருக்கிறார். சீகன்பால்க் கத்தோலிக்கரிடமிருந்து வாங்கிக்கொண்டார். பதினெட்டாம் நூற்றாண்டு அச்சு என்றால் வாசிப்பதும் பழக வேண்டிய வேலைதான். மெய்யெழுத்தில் புள்ளி ஒழுங்காக வராது, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே உருவத்தில் இருக்கும். வாய்விட்டு வாசித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இனி எபிரேயம். பவர் திருத்தம் ஆங்கிலத்தின் தமிழாக்கமா என்று சோதிக்க எனக்குப் பிடித்த இடம் ஆதியாகமம் 2:17. எபிரேயத்தில் அங்கே ‘மோத் தாமூத்’ என்று ஒரே வினைவேர் இரண்டு முறை வரும். உறுதியைக் காட்ட எபிரேயம் கையாளும் வழக்கம் அது: வினையின் பெயர் வடிவத்தை முன்னால் போட்டு, அதே வினையின் முற்றைப் பின்னால் போடும். கிங் ஜேம்ஸ் அந்த இரட்டிப்பைக் கைவிட்டு ‘நிச்சயமாய்’ என்ற பொருள்தரும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டது. தமிழில் என்ன இருக்கிறது? ‘சாகவே சாவாய்.’ செயவென் எச்சம், அதில் ஓர் ஏகாரம், பின்னால் அதே வினையின் முற்று. எபிரேய இரட்டிப்பு அப்படியே வந்துவிட்டது, தமிழ் இலக்கணமும் சிதையவில்லை. அடுத்த அதிகாரத்தில் சர்ப்பம் அதையே திருப்பி ‘சாகவே சாவதில்லை’ என்கிறது. ஆதியாகமம் 22:17இல் ‘ஆசீர்வதிக்கவே ஆசீர்வதித்து’, ‘பெருகவே பெருகப்பண்ணுவேன்’. யாத்திராகமம் 3:7இல் ‘பார்க்கவே பார்த்து’. 22:17இல் மட்டும் கிங் ஜேம்ஸும் இரட்டிப்பை வைத்திருக்கிறது; மற்ற இடத்து இரட்டிப்புகள் ஆங்கிலத்திலிருந்து இறங்கி வந்தவை இல்லை.

எல்லா இடத்திலும் இந்தக் கட்டுப்பாடு நிற்கவில்லை. ஆதியாகமம் 18:10இல் ஆபிரகாமிடம் ‘திரும்ப வருவேன்’ என்று சொல்லும் இடத்திலும் எபிரேயத்தில் அதே இரட்டிப்பு உண்டு. தமிழ் அங்கே ‘நிச்சயமாய்’ என்று போய்விட்டது. ‘வரவே வருவேன்’ என்றால் அந்த இடத்தில் ஓசை கெடும் என்று விட்டிருக்கலாம். குழு கூடி முடிவெடுக்கும் வேலையில் இப்படி வழுவும். நாமும் ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு மொத்த நூலையும் எடைபோடக் கூடாது. குறைந்தது பத்து இடமாவது எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த சோதனை வாக்கியத் தொடர்ச்சி. எபிரேயக் கதைநடையில் வாக்கியம் ‘வ’ என்ற இணைப்போடு வினைமுற்றில் தொடங்கும். பிறகு இன்னொரு ‘வ’, இன்னொரு முற்று. கிங் ஜேம்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஓர் உம்மைச் சொல் போட்டு அடுக்கிக்கொண்டே போகும். ஆதியாகமம் 22:3ஐப் பாருங்கள். எபிரேயத்தில் அங்கே ஆறு வினைமுற்றுகள்: அதிகாலையில் எழுந்தான், சேணம் கட்டினான், கூட்டிக்கொண்டான், பிளந்தான், புறப்பட்டான், போனான். தமிழ் வேதாகமம்: ‘ஆபிரகாம் அதிகாலையில் எழுந்து, தன் கழுதையின்மேல் சேணங்கட்டி’, பிறகு ‘கூட்டிக்கொண்டு’, ‘பிளந்துகொண்டு’, கடைசியில் ‘புறப்பட்டுப்போனான்’. நான்கு வினையெச்சம், ஒரே முற்று. எபிரேயத்தின் கடைசி இரண்டு வினைகளும் ஒரு கூட்டுவினைக்குள் அடங்கிவிட்டன. மூலத்திலுள்ள எந்தச் செயலும் உதிரவில்லை, வரிசையும் மாறவில்லை. தமிழ்நாட்டில் கதை சொல்கிற யாரும் இப்படித்தான் சொல்வார்கள்.

இதில் ஓர் இழப்பும் உண்டு. எபிரேயத்தில் ஒவ்வொரு செயலும் தனித்தனி அடியாக விழுகிறது. மகனைப் பலியிடப் போகிறவன் கட்டையைப் பிளக்கிற இடத்தில் வாசகன் ஒரு கணம் நின்றுவிடுவான். தமிழில் எச்சங்கள் அவனை நிற்கவிடாமல் அடுத்த வினைக்குத் தள்ளிக்கொண்டு போகின்றன. முற்று முற்றாக வெட்டி எழுதியிருந்தால் எபிரேயம் இன்னும் நெருங்கியிருக்கும், காது கூசியிருக்கும். பவர் காதின் பக்கம் சாய்ந்தார். எனக்கு அது சரியென்றே படுகிறது.

ஆங்கிலம் இழுத்த இடங்களும் மறைக்க முடியாதவை. சங்கீதம் 8:5இல் எபிரேயம் மனிதனை ‘எலோகீம்’ என்பதைவிடச் சற்றுக் குறைந்தவன் என்கிறது. ஆதியாகமம் முதல் வசனத்தில் ‘தேவன்’ என்று வருகிற அதே சொல். தமிழ் இங்கே ‘தேவதூதரிலும் சற்றுச் சிறியவனாக்கினீர்’ என்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பும் கிங் ஜேம்ஸும் போன வழி அது; எபிரெயர் நிருபம் இந்த வசனத்தைக் கிரேக்க வடிவில் மேற்கோள் காட்டுவதால் அதை மாற்றக் குழு துணிந்திருக்காது. சங்கீதம் 22:16இல் ‘உருவக் குத்தினார்கள்’ என்றிருப்பதும் இப்படித்தான். யூத அறிஞர்கள் வழிவழியாகக் காத்த மசோரா எபிரேயப் பாடத்தில் அங்கே நிற்பது ‘சிங்கத்தைப்போல’ என்று படிக்கத்தக்க சொல். புதிய ஏற்பாட்டில் 1 யோவான் 5:7, ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ என்று மூவரையும் சொல்லும் வசனம், பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லாதது. பவர் திருத்தத்தில் இருக்கிறது. இதற்கு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. சினாய் மலை மடத்துக் கையெழுத்துப் படியைத் திஷெண்டார்ஃப் வெளியிட்டது 1862இல். அந்தப் படிகளை வைத்து வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் கிரேக்கப் பாடத்தைச் சீர்செய்து வெளியிட்டது 1881இல். நம் வேதாகமம் கடை வீதிக்கு வந்து பத்தாண்டு ஆகியிருந்தது.

ஆங்கிலத்தை உதறிய இடமும் ஒன்று உண்டு, பிரசங்கிமார் கவனிப்பதில்லை. ஏசாயா 14:12இல் கிங் ஜேம்ஸ் ‘லூசிபர்’ என்கிற லத்தீன் சொல்லைப் பெயராகவே வைத்திருக்கிறது. எபிரேயத்தில் அங்கே இருப்பது ‘ஹேலேல்’, ஒளிர்கிறது என்று பொருள்படும் சொல். தமிழ்: ‘அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே.’ அழகும் இருக்கிறது, துல்லியமும் இருக்கிறது. அந்த அதிகாரம் பாபிலோன் ராஜாவைப் பாடும் ஏளனப் பாட்டு என்பதும் இப்படி வாசித்தால் பிடிபடும். தமிழ் வேதாகமத்தில் லூசிபர் என்ற பெயரே கிடையாது. கன்வென்ஷன் மேடைகளில் மணிக்கணக்கில் வருகிற லூசிபர் ஆங்கிலப் புத்தகங்கள் வழியாக உள்ளே நுழைந்தவர்.

தெய்வப் பெயர்களுக்கு ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டால் எபிரேயம் தெரியாதவர்களும் மூலத்தை ஓரளவு ஊகிக்கலாம். ‘கர்த்தர்’ என்றால் அடியில் நான்கெழுத்துத் திருநாமம், யூதர்கள் வாய்விட்டுச் சொல்லாத பெயர். ‘தேவன்’ என்றால் எலோகீம். ‘தேவனாகிய கர்த்தர்’ என்றால் இரண்டும் சேர்ந்தது. ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் தொடர்ச்சியாக வரும். ‘ஆண்டவர்’ என்றால் அதோனாய். சூத்திரம் உடைகிற இடம், அதோனாயும் திருநாமமும் அடுத்தடுத்து வருவது. எசேக்கியேலில் அதற்குக் ‘கர்த்தராகிய ஆண்டவர்’ என்று ஒழுங்காக வருகிறது. ஏசாயா 61:1இலோ அதே எபிரேயச் சேர்க்கை ‘கர்த்தராகிய தேவனுடைய ஆவியானவர்’ ஆகிவிட்டது. கிங் ஜேம்ஸ் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் எழுதுகிறது, ஆகவே இந்தப் பிசகுக்கு ஆங்கிலம் பொறுப்பில்லை. ‘யேகோவா’ என்ற வடிவம் யாத்திராகமம் 6:3, சங்கீதம் 83:18 போன்ற சில இடங்களில் மட்டும் தலைகாட்டும்.

பெண்பெயர்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மூலத்தில் ஆ என்ற ஓசையில் முடியும் பெண்பெயருக்குத் தமிழில் ஒரு ‘ள்’ சேரும்: சாராள், ரெபெக்காள், லேயாள், தீனாள், தெபொராள், அன்னாள். ஏவாளும் மரியாளும் அப்படித்தான். மெய்யில் முடிகிற ராகேல், ரூத், எஸ்தர், தாமார் ஆகியோருக்குச் சேராது. ஆணாக இருந்து ஆ என்று முடிந்தால் அப்படியே நிற்கும்: யூதா, எலிசா, நெகேமியா. வினை வருவதற்கு முன்பே ஆளின் பால் தெரிந்துவிடுகிறது. எபிரேயத்தில் வினைமுற்றே ஆண்பால் பெண்பால் காட்டும். ஆங்கிலத்தில் பிரதிப்பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அளவைகளில் பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் இரண்டு வழி போயின. பழையதில் சேக்கல், எப்பா, ஓமர் எல்லாம் எபிரேயப் பெயரோடே இருக்கும். ஓமர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு என்று யாத்திராகமம் 16:36 தானே கணக்கும் சொல்லிவிடும். புதியதில் ரோமரின் தெனாரியு ‘பணம்’ ஆகிவிட்டது. மத்தேயு 20இல் திராட்சத்தோட்டத்துக் கூலி நாளொன்றுக்கு ஒரு பணம். பழைய ஏற்பாட்டில் ஊர் அளவாக மாறியது முழம். நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். எபிரேய ‘அம்மா’ முழங்கையிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளம், மீனாட்சி கோயில் வாசலில் மல்லிகையை அளந்து கொடுக்கிற அதே கை அளவு. ஒரு முழத்துக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டால் பேழை 135 மீட்டர் வரும்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்ப்பதாக இருந்தால் முதலில் இடறுவது வசன எண்ணில்தான். எபிரேயப் பதிப்புகளில் சங்கீதத்தின் தலைப்புக்கும் எண் உண்டு. தமிழில் 51ஆம் சங்கீதத்துக்கு 19 வசனம், எபிரேயத்தில் 21. தமிழில் முதல் வசனம் அங்கே மூன்றாவது. 3, 34 போன்ற சங்கீதங்களில் ஓர் எண் தள்ளும். 23இல் தலைப்பு முதல் வசனத்துக்குள்ளேயே இருப்பதால் எண் தள்ளாது. யோவேல் தமிழில் 3 அதிகாரம், எபிரேயத்தில் 4. நம் 2:28 அங்கே 3:1. மல்கியா நேர்மாறு: தமிழில் 4, எபிரேயத்தில் 3. ஆதியாகமம் 31:55ஐ எபிரேயத்தில் 32ஆம் அதிகாரத்தின் முதல் வசனமாகத் தேட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் அடுத்த வசனத்தின் எபிரேயத்தை இந்த வசனத்தின் தமிழோடு ஒட்டிவைத்துவிட்டு, ‘பவர் தப்பாக மொழிபெயர்த்தார்’ என்று வாட்ஸப்பில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அகரவரிசைப் பாடல்கள் இன்னொன்று. 119ஆம் சங்கீதம் எபிரேயத்தின் 22 எழுத்துக்கும் எட்டெட்டு வசனமாக 176. புலம்பல் 1, 2, 4 அதிகாரங்களில் எழுத்துக்கு ஒன்றாக 22, மூன்றாம் அதிகாரத்தில் மூன்று மூன்றாக 66. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனம் உண்டு, ஆனால் அகரவரிசை இல்லை. 145ஆம் சங்கீதத்துக்கு 22 இருக்க வேண்டும், 21தான் இருக்கும். 13க்கும் 14க்கும் நடுவில் ‘நூன்’ எழுத்துக்குரிய வரி மசோரா பாடத்தில் விழுந்துபோயிற்று. சாக்கடலோரக் கும்ரான் குகைச் சுருளில் அந்த வரி கிடைத்தது இருபதாம் நூற்றாண்டில். தமிழில் இந்த அகரவரிசை காதில் விழ வழியில்லை. அந்தாதியும் ஆத்திசூடியும் பழகிய வாசகனுக்கு ஓர் அடிக்குறிப்புப் போட்டிருந்தால் உடனே பிடித்திருப்பான். அது நடக்காதது எனக்குக் குறையாகவே படுகிறது.

கருவிகள் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒத்தவாக்கியங்கள் (தொடர்புடைய மற்ற வசனங்களின் எண்கள்) அச்சிட்ட பவர் வேதாகமம், கிங் ஜேம்ஸ், எபிரேய வரிக்குக் கீழே பொருள் கொடுத்த இருவரிப் பதிப்பு, வின்ஸ்லோவின் 1862 அகராதி. நான்காவதைத் தவறவிடாதீர்கள். பவர் காலத்தில் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அதுதான் சொல்லும். இன்றைய பொருளை 1871இல் ஏற்றிப் படித்தால் ‘கனம்’, ‘உத்தரவு’, ‘விஸ்தாரம்’ எல்லாம் கோணலாகத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனையும் பக்கத்தில் வைக்கலாம். அதன் அலுவலகம் 1913இல் மதுரையில்தான் தொடங்கியது. முதல் பதிப்பாசிரியர் அமெரிக்க மதுரை மிஷனின் சாண்ட்லர். கைபேசிச் செயலிகளில் இருக்கிற ஓ.வி. பாடத்தை நம்பிச் சந்தி ஆராய்ச்சியில் இறங்காதீர்கள். தட்டச்சு செய்தவர்கள் ஒற்றுகளை இஷ்டத்துக்கு விட்டும் சேர்த்தும் இருக்கிறார்கள்.

பவரின் மற்ற நூல்களையும் தேடிப் பாருங்கள். 1876இல் நன்னூலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்போடு ஓர் அறிமுகம் அச்சிட்டார். எபிரேயம் படிக்கத் தொடங்கும் தமிழர்களுக்கு வினையெச்சம், முற்று, வேற்றுமை இவற்றுக்கான ஆங்கிலக் கலைச்சொற்கள் ஒரே இடத்தில் கிடைக்கும். அதற்கு முன் 1868இல், வேதாகமத் திருத்தம் முடிவுக்கு வந்துகொண்டிருந்த நேரம், சீவக சிந்தாமணியின் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை நச்சினார்க்கினியர் உரையோடு, முத்தையா பிள்ளை துணையுடன் பதிப்பித்தார். பதின்மூன்று இலம்பகமும் சேர்ந்த முழுப் பதிப்பை உ.வே.சாமிநாதையர் கொண்டுவந்தது 1887இல். அதற்குள் பவர் காலமாகிவிட்டார். ஒரு கிறிஸ்தவ குரு ஒரு சமணக் காப்பியத்தை ஏடு ஏடாக ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, உரையோடு அச்சேற்றினார். எபிரேயத்தில் செய்த வேலையும் தமிழில் செய்த வேலையும் ஒரே கைப்பழக்கம். பசுமலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கீழக்குயில்குடி சமணர்மலை இருக்கிறது. செட்டிப்புடவுச் சிற்பங்களைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த 1868 பதிப்பின் சில பக்கங்களை இறக்கிக்கொண்டு போகலாம். உரை சிறிய எழுத்தில் இருக்கும், கைபேசித் திரையில் சிரமம், அச்செடுத்துக்கொள்வது நல்லது.